அனில் சாருக்குத் தெரியாதது

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ராசப்பன் அண்ணாச்சியின் சாயாக்கடைக்குப் போகிற எவனும் தன் கதையை மறைத்துவிட்டு எழுந்திருக்க முடியாது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷமாகக் கடை போட்டிருக்கிறார். மூட்டை தூக்க வருகிற நம்மூர்க்காரனுக்கு முதல் சாயா அங்கேதான். யார் வீட்டில் சண்டை, யார் அறை மாறினான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்கத்து மிளகுக் கிடங்கில் எடை எழுதுகிற நானும் அதைக் கேட்கத்தான் தினமும் போய் உட்காருவேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

உளவுப் பிரிவு போலீஸ்காரர் அனில் சாரும் அந்தக் கடை பெஞ்சுக்கு வருவார். அவர் மலையாளத்தில் அண்ணன் முறை வைத்து "சேட்டா" என்று கூப்பிட்டுவிட்டால் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியாது. "கவர்மெண்டே என்கிட்ட கேட்டுத்தான் எழுதுது வே" என்று பிறகு என்னிடம் பீற்றிக்கொள்வார்.

போன ஆவணியில் அருண்பாண்டி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். எங்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். துபாயில் வேலை தயார், மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் வேண்டும். அனில் சார் விசாரிக்க வந்தார்.

"சேட்டா, இந்த அருண்பாண்டி ஆளு எங்ஙன?"

"நல்ல பையன்" என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதை எவனும் சொல்வானே! அண்ணாச்சி அதற்கு மேல் தெரிந்தவர் அல்லவா?

"நல்லவன்தான் சார். ஊர்ல கோயில் கொடையில ஒரு அடிதடி. அதுக்குப் பொறவுதான் இங்க ஓடியாந்தான். ஓரிடத்துல நிக்க மாட்டான். பள்ளுருத்தியில ரெண்டு மாசம், கலூர்ல மூணு மாசம்..."

அந்தத் திருவிழா அடிதடியில் அருண்பாண்டி அடி வாங்கினவன். மண்டையில் ஏழு தையல். வழக்கு எதுவும் அவன்மேல் இல்லை. அண்ணாச்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அனில் சார் அண்ணாச்சி சொன்னதைப் போனில் தட்டிக் குறித்துக்கொண்டிருந்தார். நான் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

பத்து நாளில் பாஸ்போர்ட்டை நிறுத்திவைத்துவிட்டார்கள். அண்ணாச்சி கடையை என்னிடம் விட்டுவிட்டு அனில் சாரைத் தேடி ஓடினார். முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்னு கெஞ்சினேன் வே. ரிப்போர்ட் போயாச்சாம். இனி மாத்தினா அவரு வேலைக்குக் கேடாம்."

மாதம் முடிந்த மறுநாள் அருண்பாண்டி வந்தான். கண் சிவந்திருந்தது.

"துபாய்ல வேற ஆள எடுத்துட்டாங்க அண்ணாச்சி. கொடைச் சண்டைய யாரோ போட்டுக் குடுத்திருக்கான். யாருன்னு நீங்கதான் சொல்லணும். உங்களுக்குத் தெரியாம இந்த பஜார்ல எது நடக்கும்?"

அண்ணாச்சி சாயா ஆற்றுவதை நிறுத்தினார். காலில் விழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இசக்கிராஜாவா இருக்கும்" என்றார்.

இசக்கிராஜா அவனுடைய ஊர்க்காரன், அறைத்தோழன். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். அருண்பாண்டி நம்ப முடியாமல் என்னைப் பார்த்தான்.

"அப்படியாண்ணே?"

ஒரு வார்த்தை. இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால் நானும் அந்த பெஞ்சில் இருந்தது தெரிந்துவிடுமே.

"இருக்கலாம்" என்றேன்.

அவன் அண்ணாச்சியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அண்ணாச்சி. அவன்கூட ஒரே தட்டுல தின்னுக்கிட்டு இருந்திருப்பேன்."