காளானும் என் இத்தாலிய மொழிபெயர்ப்பும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், யாங்கூனின் க்யிம்யிண்டைங் பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் நடந்தது இது.

எங்கள் தெருவில் மின்சாரம் நாலு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது. கட்டடத்தில் பேட்டரி வைத்திருந்தது ஐந்தாம் மாடியில் நான் மட்டும்தான். காற்றில் திரும்பிப்போன என் டிஷ்ஷில் தெளிவாக வந்தது ஒரே ஒரு இத்தாலிய சேனல். தினமும் மாலையில் பதினோரு பேர் வந்து உட்காருவார்கள். முதலில் குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி, அடுத்து நகைச்சுவை நாடகம், கடைசியில் ஆவணப்படம். எனக்கு இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் தெரியாது என்று எப்படிச் சொல்வது? முகத்தையும் கையையும் பார்த்தே தமிழிலும் பர்மிய மொழியிலும் விளக்கிக்கொண்டு போவேன். ஒருநாளும் தடுமாறியதில்லை.

ஒரு மாலை, ஆவணப்படத்தில் ஒரு கிழவர் காட்டில் காளான் பறித்தார். வெள்ளைக் காளான் ஒன்றைத் தூக்கிக் காட்டி, விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். தண்டில் பாவாடை கட்டியதுபோல் ஒரு வளையம்.

"இதுதான் முதல் தரமாம். வளையம் இருந்தா யோசிக்காம சாப்பிடலாமாம்" என்றேன். அந்த நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்துபோனது.

அதற்கு ஐந்தாம் நாள் காலை, தினமும் டிவி பார்க்க வரும் இரண்டாம் மாடிப் பெண் படியேறிக்கொண்டிருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து படகில் வந்த அவள் தம்பி கொடுத்த ஒரு கூடை காளான் கையில். "வளையம் இருக்கான்னு பார்த்தியா?" என்று பெருமையாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

பகல் பன்னிரண்டுக்கு அதே படம் மறுபடி வந்தது. கிழவர் அந்த வெள்ளைக் காளானைத் தரையில் போட்டுச் செருப்பால் நசுக்கினார். திரையில் ஒரு மண்டையோடு. அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இரண்டாம் மாடிக்கு ஐம்பத்துநாலு படி. எப்போதும் கைப்பிடியைப் பிடித்து எண்ணி எண்ணி இறங்குபவன், அன்று எண்ணவில்லை.

அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்பிடாதீங்க! அது விஷம்! நான் சொன்னது தப்பு!"

"உட்காருங்க சயா, எப்படி மூச்சு வாங்குது பாருங்க" என்றாள். வாத்தியாரை இங்கே சயா என்றுதான் கூப்பிடுவார்கள். "இது கீரை. கூடையில வளையம் வச்சது ஏழு கிடந்துச்சு. தம்பி இப்பத்தான் பறிக்கப் பழகுறான். மொத்தத்தையும் அப்பவே குப்பையில கொட்டிட்டேன்."

"விஷம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கிழவர் மூஞ்சியப் பார்த்தேன். நல்ல பொருளக் கையில வச்சிருக்கிற மூஞ்சியா அது? எல்லார்கிட்டயும் அன்னிக்கே தனித்தனியா சொல்லிட்டேன். வாத்தியாராச்சேன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லல."

"அப்போ இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம்?"

"காமெடிக்கு டிவிக்காரனவிட நீங்க சொல்றதுதான் சயா நல்லாருக்கு!" என்றான் புருஷன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

அன்று மாலை எல்லார் முன்னாலும் என் தவறைச் சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இப்போது தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். நேற்று மட்டும் பதினாலு முறை. பதினோரு பேரும் இன்னும் வருகிறார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவரின் முகத்திலிருந்து உண்மையைப் படித்தவள், இந்தக் கிழவனின் முகம் வாடக்கூடாது என்று ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அதை நினைத்துத்தான் இன்றும் விளக்கம் சொல்லுமுன் ஒருமுறை நிதானிக்கிறேன்.