படிக்காமலே புரிந்த குத்துச்சண்டை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தவள். டிவியில் ஆங்கிலப் படம் ஓடினால், கீழே வரும் மலாய் எழுத்தை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்; எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் நான் சிரிப்பேன்.

போன வாரம் மலாக்கா பக்கம் செலண்டார் ஊர் வீட்டில் பேத்தி பழைய ஊமைப்படம் காட்டினாள். மலை போன்ற ஆளோடு ஓர் ஒல்லிப்பிச்சான் குத்துச்சண்டைக்கு நின்றான். பயத்தில் குனிந்து குனிந்து வணக்கம் போட்டான்; குத்தெல்லாம் தலைக்கு மேலே போனது. நடுவில் திரை முழுக்க ஆங்கில எழுத்து வந்தது.

“வீட்டுக்குப் போகட்டுமான்னு கேக்குறான்,” என்றேன், பேத்தி படிக்கும் முன்பே.

“அப்படியேதான் போட்டிருக்கு லா, பாட்டி!”

எந்தக் காலத்து நடிகனோ, முகத்தாலேயே பேசிவிட்டான். முதலில் சிரித்தது நான்தான்.

இந்தக் கதையை நானே தமிழில் எழுதிப் பேத்தியிடம் நீட்டினேன். “கண்ணு, சத்தமா படி. நீ எங்க சிரிக்கிறேன்னு பாக்குறேன்.”