ஜோசபின் டீச்சரும் துள்ளும் பந்தும்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில், ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திவந்தார் ஜோசபின். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து, சொந்தக் காலில் நின்றவர். யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 1989இல் அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் துணிக்கடை முகம்மது கவுஸும் ஒன்று வாங்கினார். புக்கிட் செலம்பாவ் கூட்டுறவுக் கடையிலும் ஒன்று வந்து இறங்கியது. இரண்டு இடத்துக்கும் வேண்டியதையெல்லாம் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தது ஜோசபின்தான்.

ஒரு நாள் காலை, மெர்போக்கில் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரையில் ஒரு சின்னப் பந்து தோன்றியது. மாப்பிள்ளை பெயரில் மோதித் திரும்பியது. பெண் வீட்டு முகவரியில் இடித்து மேலே பறந்தது. வகுப்புப் பிள்ளைகள் டைப்ரைட்டரை விட்டுவிட்டு ஓடிவந்து கைதட்டினார்கள். ஜோசபினாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பந்து நிற்கிற வழியாக இல்லை.

கம்ப்யூட்டர் விற்ற பினாங்கு ஆர்தருக்குப் போன் போட்டார்.

“டீச்சர், அது வைரஸ்லா! வெளி டிஸ்க்கு ஏதாச்சும் போட்டீங்களா?”

“ஒரே ஒரு கேம்தான் ஆர்தர். பினாங்குல சும்மா காப்பி பண்ணிக் குடுத்தாங்க.”

“அதுலதான் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அதுக்கப்புறம் நீங்க போட்ட டிஸ்க்கு எல்லாத்திலயும் ஏறியிருக்கும்.”

“இத யாரோ வேணும்னே செஞ்சாங்களா?”

“ஆமா டீச்சர். எவனோ எங்கயோ உக்காந்து எழுதிவிட்டிருக்கான். இது பந்து விளையாடுறதோட நிக்குது. எல்லாத்தயும் அழிச்சிப்புடுறதும் இருக்கு.”

ஜோசபினுக்குச் சிரிப்பு போய்விட்டது. கவுஸ் கடைக்கும் கூட்டுறவுக் கடைக்கும் தன் கையாலேயே அதை அனுப்பிவைத்திருக்கிறோமே! வகுப்பை அன்றைக்கு அத்தோடு முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

கவுஸ் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “வாம்மா! நீ போட்டுக் குடுத்த அந்தப் பந்து ரொம்ப ஜோர். புள்ளைங்க கடைய விட்டுப் போக மாட்டேங்குதுங்க!”

“அண்ணே, அது நான் போட்டதில்ல. வைரஸ். உங்க மெஷின அணைச்சி வைங்க.”

“வியாதியா?” கவுஸ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். “நான் நேத்துலேர்ந்து தொட்டுக்கிட்டு இருக்கேனே!”

மனுசருக்கு அது ஒட்டாது என்று புரியவைப்பதற்குள் அவருடைய மனைவி அஜீசா இரண்டு முறை தேநீர் கொண்டுவந்துவிட்டார்.

புக்கிட் செலம்பாவில் கிளார்க்கு பிரேமாவதி கோபித்துக்கொள்வாள் என்று நினைத்துத் தயங்கித்தான் படியேறினார். விஷயத்தைச் சொன்னதும் அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். “நல்லவேளை வந்து சொன்னீங்க அக்கா. நான்தான் எதயோ தப்பா அமுக்கிட்டேன்னு மேனேஜருக்குத் தெரியாம துணி போட்டு மூடி வச்சிருக்கேன்!”

சனிக்கிழமை ஆர்தர் ஜோசபினின் வகுப்புக்கு வந்தார். மெஷினை அணைத்துவிட்டு, தான் கொண்டுவந்த சுத்தமான டிஸ்க்கைப் போட்டுத் திரும்ப இயக்கினார். கவுஸும் பிரேமாவதியும் டிஸ்க்குகளை மடியில் வைத்துக்கொண்டு, கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சுத்தமானது. எழுதியது எதுவும் அழியவில்லை. பந்து போனதில் கவுஸுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அன்றிலிருந்து ஜோசபின் இல்லை என்று சொல்லப் பழகினார். வெளியிலிருந்து வரும் எந்த டிஸ்க்கையும், ஆர்தர் மலிவாகக் கொடுத்த பழைய மெஷினில் சோதிக்காமல் உள்ளே விடமாட்டார். தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. மூல டிஸ்க்கின் ஓரத்து வெட்டில் காகிதம் ஒட்டிவிடுவார். அப்புறம் அதில் எதுவும் ஏற முடியாது. எழுதியதற்கெல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளும்படி எல்லாரையும் நச்சரித்தார். அலுத்துக்கொண்டே கவுஸும் செய்தார்.

வருடக் கடைசி மழையில் துணிக்கடைக் கூரை ஒழுகி, கம்ப்யூட்டரும் டிஸ்க்குகளும் நனைந்து பாழாயின. அஜீசா வீட்டு அலமாரியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துவந்து கணவரிடம் நீட்டினார். வாடிக்கையாளர் பெயர்கள் ஒன்று விடாமல் அதில் இருந்தன. கவுஸ் குடையைக்கூட எடுக்காமல், ஒரு புதுச் சேலையோடு மாடிப்படி ஏறிவந்தார்.

“இது எதுக்கு அண்ணே?” என்று ஜோசபின் கூச்சத்தோடு கேட்டார்.

“வாங்கிக்கம்மா. சும்மா குடுத்தா எதயும் நீ உள்ள விடமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. இதயும் சோதிச்சிட்டே கட்டிக்க!”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஜோசபின் சேலையைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டார்.