இன்னொரு குச்சி எங்கே?

புதுத் துறைமுகம் வந்த பிறகு எங்கள் தூத்துக்குடியில் மேசைவிரிப்பு போட்ட பெரிய ஓட்டல் ஒன்றைத் திறந்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர், அம்மாவின் பிறந்தநாளுக்கு எங்கள் எல்லோரையும் அங்கே அழைத்துப் போனார்.

அம்மாவுக்கு வந்தது, சீலா மீனை மெல்லிசாகச் சீவி, உள்ளே இறால் வைத்துச் சுருட்டிப் பொரித்த பண்டம். ரசித்துச் சாப்பிட்டு முடித்தாள். வீட்டில் செய்து பார்க்கும் ஆசையில் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தச் சுருள் பிரியாம எப்பிடி நிக்கி?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் பல்குச்சி குத்தியிருக்கும்மா. எடுத்துட்டுத்தான சாப்ட்டிய?"

அம்மாவின் முகம் வெளுத்தது. தட்டில் ஒரு குச்சிதான் கிடந்தது.

"முள்ளுன்னு நெனச்சி ஒண்ணைத்தானளா எடுத்தேன்!" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே தொண்டையைப் பிடித்தாள்.

"வலிக்காம்மா?"

"என்னமோ குத்துத மாதிரிதான் இருக்கு."

தட்டைத் தூக்கிப் பார்த்தோம். மேசைக்கடியில் குனிந்து தேடினோம். ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சி பிடிக்க என் கணவர் எழுந்துவிட்டார்.

அப்போது கை கழுவப் போயிருந்த அப்பா, பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"என்ன இப்பிடிப் பாக்கிய?" என்றவர் அம்மா பக்கம் திரும்பி, "ஏளா, இந்தக் குச்சி ஒன் தட்டு ஓரத்துல கழண்டு கிடந்துச்சி. பல்லு குத்தத்தான் வச்சிருக்கான்னு எடுத்தேன்" என்றார்.

அம்மாவின் தொண்டை வலி அந்த நிமிஷமே போய்விட்டது.

இப்போதெல்லாம் வெளியில் புதுப் பண்டம் எது வந்தாலும், எப்படிச் செய்தது என்று விசாரிக்கிறேன். அம்மா கேட்ட அதே கேள்விதான். வாயில் வைக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன், அவ்வளவுதான்.