ஜெபத்தின் பின்பாதி

ஜாலான் புசார் தெருவில், கடைவீட்டு மாடியில் தினமும் ஜெபமாலையைத் தொடங்குகிறவள் நான்தான். மிக்கேலம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்று பக்கத்து அறைக்காரர்கள் மெச்சுவார்கள். பக்தியாவது மண்ணாவது! தொடங்குகிறவள், கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் முன்பாதி சொன்னால் போதும். தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்பது பின்பாதி. அது பதில் சொல்கிறவர் பாடு.

1956இல் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வேண்டாம், ஜெபம் போதும் என்றவர் என் கணவர் சந்தியாகு. மூன்றாம் நாள் அவளைப் புதைத்தோம்.

எட்டு வருஷம் கழித்து, வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார் தானே ஜெபத்தைத் தொடங்கினார். பின்பாதியை நாங்கள் இருவரும் சொல்ல வேண்டும். என் கணவர் குரல் மட்டும் கேட்டது. பாதியில் அதுவும் நின்றது.

சாமியார் போனதும், "இத்தனை வருஷமாவா?" என்றார்.

"ஆண்டவர்கிட்ட பொய் சொல்ல எனக்கு வராதுங்க" என்றேன்.