பாட்டில் கிரீன் கெட்டுப்போன கதை

எங்கள் வீட்டில் டி.வி. பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், உடுப்பைத்தான் பார்ப்பார்கள். தொழில் அப்படி. என் மாமனார் இளவயதிலிருந்து சாயப்பட்டறையில் ஷேடு பார்த்தவர். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத் துணியையும் மிஷினிலிருந்து எடுத்த துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து, "சிவப்பு ஒரு துளி ஏறிக்கிச்சுங்க" என்பார். அவர் சொல்லிவிட்டால் அந்தத் துணி மறுபடியும் சாயத்துக்குப் போக வேண்டியதுதான். என் கணவரும் ஒரு டையிங்கில் சூப்பர்வைசர். இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் இருக்கிறாளே, அவள் க்ரேயான் பெட்டியைத் திறந்தால் ஊதா என்று சொல்ல மாட்டாள், "லாவண்டர்" என்பாள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை வேறெப்படிப் பேசும்?

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு ராஜா கதை வந்து சேர்ந்தது. கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தேசத்துத் தொடர், தமிழில் பேச வைத்திருந்தார்கள். அரண்மனை, சதி, விஷம், குதிரை, மூட்டை மூட்டையாகக் கண்ணீர், எல்லாம் உண்டு. பெயர்கள்தான் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை. ஆண்கள் எல்லோருக்கும் ஒரே கொண்டை, ஒரே கறுப்புத் தொப்பி. அங்கி மட்டும் கலர் கலராக இருந்தது. போதாதா? முதல் வாரத்திலேயே ஆளாளுக்கு, நிறங்களைப் பெயரோடு ஒட்டிவைத்திருக்கும் ஷேடு கார்டிலிருந்து பெயர் வைத்துவிட்டார்கள். ராஜாவின் அம்மா மஸ்டர்டு. இளைய ராணி ஆனியன் பிங்க். ஏழைகளுக்கு நியாயம் செய்கிற இளம் அதிகாரி பாட்டில் கிரீன். அவனை ஒழித்துக்கட்ட நாள் பார்த்துக்கொண்டிருக்கிற மந்திரி ராயல் புளூ.

மாமனாருக்குப் பாட்டில் கிரீன் என்றால் உயிர். சாயங்காலம் முருகன் படத்துக்கு விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டு, ஏழு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "என்ன பொறுமை பாரு அந்தப் பையனுக்கு. எத்தன பழி போட்டாலும் மொகம் சுளிக்கறானா?" என்று வியப்பார். ராயல் புளூ திரைக்கு வந்தால் போதும், "வந்துட்டான் படுபாவி" என்று துண்டை உதறுவார். வீட்டில் பெற்ற மகனைக்கூட அவர் இப்படிக் கொண்டாடி நான் பார்த்ததில்லை. அதை என் கணவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அந்த வீட்டில் முகம் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். பனியன் கம்பெனியில் எனக்கு டைம் ஆபீஸ் வேலை, வருகைப் பதிவு பார்ப்பது. காலையில் கேட்டில் நின்று, ஒடிசாக்காரர், பீகார்க்காரர், எங்கள் தெற்கத்திக்காரர் என்று உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும். ஒருவன் கார்டை இன்னொருவன் தேய்த்துவிட்டுப் போக என்னிடம் முடியாது. தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தாலும், "நில்லு தம்பி, நீ நைட் ஷிப்ட்தானே?" என்று பிடித்துவிடுவேன். அதனால் அரண்மனைக் கூட்டத்தில் யார் யார் என்று எனக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்?

இதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கதையையும் சொல்ல வேண்டும். நான் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனியை நம்பி அப்பா அம்மாவோடு திருப்பூருக்கு வந்தவள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவர்கள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற குடும்பம். காதலித்தோம், கட்டிக்கொண்டோம். மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை, "வரட்டும்" என்று மகனிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னிடம் நேராக அவர் பேசியதே இல்லை.

திட்டியிருந்தால் பரவாயில்லை. எனக்கு வாய் நீளம், பதிலுக்கு நாலு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் கொங்குக்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அதோடு சண்டை போட முடியாது. மகள் பிறக்கும்வரை சுவரைப் பார்த்து, "காப்பி இருந்தாக் குடிக்கலாம்" என்பார். அவள் பேச ஆரம்பித்ததும் சுவருக்கு விடுதலை. "கண்ணு, அம்மாகிட்டக் கொஞ்சம் தண்ணி கேளு சாமி" என்பார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா, அப்பாருக்குத் தண்ணி வேணுமாமா" என்று வரி பிசகாமல் சொல்லுவாள். தாத்தாவை இங்கே அப்பாரு என்பார்கள். அவளுக்கு அது ஒரு உத்தியோகம். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைக் காட்டி யாரென்று கேட்டால், "பையன் கட்டிட்டு வந்த புள்ளைங்க" என்பார். குறையில்லாத பதில்தான். அதில் அவருக்கும் எனக்கும் என்ன உறவு என்பது மட்டும் இருக்காது.

சொந்தத்தில் கல்யாணம் என்றால் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். பத்திரிகையில் குடும்பத்தோடு வரச் சொல்லி அச்சடித்திருக்கும். என் கணவர், "அவ வராத எடத்துக்கு நானும் வரலீங்கப்பா" என்று ஒரே பிடியாக நின்றார். அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நான் ஏங்கினேன். அந்த மனுஷர் என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை, "நீயும் வா" என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். கம்பெனியில் எல்லோரையும் அதட்டுகிற நான், வீட்டுக்கு வந்து அதற்காக மனசுக்குள் அழுதிருக்கிறேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் பழுதாகி, ஏழு மணிக்குக் கரண்ட் இல்லை. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் நான் மட்டும் அந்த அத்தியாயத்தை போனில் பார்த்தேன். பார்த்தால், ராஜாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. நல்லவனுக்குப் பெரிய பதவி கொடுத்து நீல அங்கி போட்டுவிட்டார்கள். மந்திரியைப் பதவியில் இறக்கிப் பச்சை அங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பஸ்ஸிலேயே சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு வீட்டில் இருக்கிறது கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்தபடியே நடந்தது. சாயங்காலம் பச்சை அங்கிக்காரன் ஓர் இருட்டறையில் உட்கார்ந்து, இளைய ராணியின் கஞ்சியில் விஷம் கலக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"டேய், நம்ம பாட்டில் கிரீனாடா இப்பிடிச் சொல்றான்?"

"அவன்தாங்கப்பா" என்றார் என் கணவர்.

"அவனுக்கு என்னடா கேடு வந்துச்சு? முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தான்?"

"பதவி ஆசையா இருக்கும் அப்பாரு" என்றாள் என் மகள். அவளுக்கு வயதுக்கு மீறிய விஷயமெல்லாம் தெரியும், இது ஒன்று தெரியவில்லை.

மாமனார் எல்லோரிடமும் கேட்டார். மகனிடம் கேட்டார், பேத்தியிடம் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரரைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார். அடுப்படி வாசலில் சப்பாத்திக்கட்டையோடு நின்ற என்னிடம் மட்டும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. படுக்கப் போகும்போது கணவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அட, இத அப்பாகிட்டச் சொல்லீர வேண்டீதுதான?" என்றார்.

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். "அவிய எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கட்டும், சொல்லுதேன். நடுவுல நீங்க வாயத் தொறந்திய, பாத்துக்கிடுங்க" என்றேன். பாவம், அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆனால் விளையாட்டு வினையாகிக்கொண்டு வந்தது. மாமனார் நிஜமாகவே வாடிப்போனார். பச்சை அங்கிக்காரன் ஒவ்வொரு நாளும் ஒரு அக்கிரமம் செய்தான். இவர் ஒவ்வொரு நாளும் ஒரு இட்லி குறைத்தார். ஒரு நாள் பாதியில் எழுந்து நின்று, "ஒரு நல்லவன் கண்ணு முன்னாடி கெட்டுப்போறதப் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. போகட்டும், சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன். அவரோ என் மகள் பக்கம் திரும்பி, "கண்ணு, அம்மாகிட்ட டி.வி.ய நிறுத்தச் சொல்லு" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். ரிமோட்டைக் கொஞ்சம் அழுத்தித்தான் அமுக்கினேன்.

அந்த வாரக் கடைசியில் குன்னத்தூரில் அவருடைய பங்காளி வீட்டுக் கல்யாணம். வழக்கம்போல முதல்நாள் மத்தியானமே மஞ்சப்பையோடு பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் தொடருக்கு உட்கார்ந்தோம். பெயர் ஓடும்போதே என் போன் அடித்தது. பார்த்தால் மாமனார் நம்பர். என் போனில் அந்த நம்பர் இருந்ததே தவிர, ஒரு நாளும் அதிலிருந்து அழைப்பு வந்ததில்லை. அவருக்கு என்னவோ ஆகிவிட்டது, வேறு யாரோதான் பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"கண்ணு, நாந்தான்" என்றார்.

"மாமா! உடம்புக்கு என்ன?"

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறேன். இங்க பந்தியில ஒரே சண்டை. அந்தப் பாட்டில் கிரீன் இருக்கறானுல்ல, அவன் மொதல்ல நல்லவன், இப்பத்தான் கெட்டுப்போனான்னு நான் சொல்றேன். என்ற பங்காளி, இல்லவே இல்ல, அவன் ஆதியிலிருந்தே அயோக்கியன்ங்கறான். இரு, ஸ்பீக்கர்ல போடறேன், எல்லாரும் கேக்கட்டும்."

பின்னால் இலை போடுகிற சத்தம், மேளச்சத்தம், ஒரு குழந்தையின் அழுகை. யாரோ ஒருவர், "யாருக்குங்க அடிக்கறீங்க?" என்று கேட்டது தெளிவாக விழுந்தது.

"என்ற மருமகளுக்குத்தான். பெரிய கம்பெனியில டைம் ஆபீஸ்ல இருக்கறா. ஒரு மொகத்த ஒருக்காப் பாத்தாப் போதும், ஆயுசுக்கும் மறக்கமாட்டா. அவ சொன்னாச் சரியா இருக்கும்."

என் வேலையைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கேயோ உட்கார்ந்து, யாரிடமோ நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் கணவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அப்பாருக்கு நான் என்ன சொல்லோணும்?" என்று கேட்டாள்.

இப்போது எனக்கு ஒரு சங்கடம் வந்தது. உண்மையைச் சொன்னால், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவர் தோற்றுப்போவார். முதன்முதலாக என்னை உரிமையோடு ஒன்று கேட்ட மனிதரை நானே தலைகுனிய வைக்க வேண்டுமா? பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் நான் சரியாகத்தான் சொல்வேன் என்று அவர் ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டாரே.

"மாமா, உங்க பங்காளி சொல்றதுதாங்க சரி" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஆனா நம்மாளு கெட்டுப்போகலீங்க. ராஜா அவனுக்குப் பெரிய உத்தியோகம் குடுத்துட்டாரு. அவங்க ஊர்ல உத்தியோகம் மாறுனா அங்கி கலரும் மாறிரும். இப்ப ராயல் புளூ போட்டிருக்கானே, அவந்தான் நம்ம பையன். பழைய மந்திரியப் பதவி எறக்கிப் பச்சைக்கு அனுப்பீட்டாங்க. கரண்ட் போன அன்னைக்கு நடந்ததுங்க அது."

"நெசமாவா கண்ணு? அப்ப நம்ம பையன் கெட்டுப்போகலயா?"

"இல்லீங்க மாமா. இன்னும் நல்லாவே இருக்கான்."

"கேட்டீங்களாடா! கெட்டுப்போகலயாமாடா!" என்று அவர் போட்ட கூச்சலில் மேளமே ஒரு நிமிஷம் அடங்கியிருக்கும். வாதத்தில் தோற்றவர் மாதிரியா இருந்தது? பறிகொடுத்த பிள்ளை திரும்பக் கிடைத்த மாதிரி சிரித்தார். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏங்கண்ணு, இத முன்னாலயே சொல்லியிருக்கலாமுல்ல? இத்தன நாளாச் சோறு எறங்கலியே எனக்கு" என்றார்.

"நீங்க ஒரு நாளும் எங்கிட்டக் கேக்கலியே மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. சத்தியமாக அதில் கோபம் இல்லை. இத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது, வாய் தவறி வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்பதும் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பக்கம் சிரிப்பெல்லாம் நின்றுபோனது. என் கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஆமா. கேக்கல" என்றார் மாமனார். அதோடு விடாமல், "கேட்டிருக்கோணும்" என்றார்.

யாரோ ஒரு அம்மா, "அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வரலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவ மேல குத்தமில்ல, நாந்தான் கூப்படல" என்றார். பிறகு போனுக்குள், "கண்ணு, காத்தால நீ வந்துரு. வரும்போது பாப்பாவையும் அவனையும் கூட்டிட்டு வந்துரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், ஆனாலும் தேம்பித் தேம்பி அழுதேன். என் கணவர் பீரோவைத் திறந்து பட்டுச் சேலையை எடுத்து, அவரே இஸ்திரி போட உட்கார்ந்தார். டி.வி. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். மண்டப வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றார். உள்ளே முதல் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தவர்கள், "இன்னும் இங்கயே நிக்கறீங்களா?" என்று அவரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். நேராகப் பேசிப் பழக்கமில்லையே இருவருக்கும்.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்றேன்.

"இன்னும் இல்ல கண்ணு. நம்ம வூட்டு ஆளுக வராம நான் எப்பிடி எலையில உக்காருவேன்? வா" என்றார்.