நாற்பத்தோரு மன்னிப்புக் கடிதங்கள்

எங்கள் பத்தாம் வகுப்பில் நாற்பத்தோரு பேருக்கும் பொதுவாக ஒரு அம்மா இருந்தாள். காலையில் எழுந்து காபி போடுவாள், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், ராத்திரி நீதிக்கதை சொல்லித் தூங்க வைப்பாள். கைடில் இருந்த 'என் தாய்' என்ற ஆங்கிலக் கட்டுரையின் அம்மா அவள். எங்கள் சொந்த அம்மாக்கள் ஏழு மணிக்கெல்லாம் வேன் ஏறி ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் இறங்கும்போது அவர்கள் புறங்கையில் அலுமினியப் பவுடர் மினுங்கும். அதை ஆங்கிலத்தில் எழுதலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அத்தை எங்கள் பள்ளிக்கு ஆங்கில டீச்சராக மாறுதலாகி வந்தாள். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். வந்த வாரமே நாற்பத்தோரு நோட்டையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, "இந்தம்மா யாரு? நம்மூர்ல எந்தத் தெருவுல இருக்காக?" என்று கேட்டாள். கைடுகளை வாங்கி பீரோவில் பூட்டினாள். கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். இலக்கணப் பிழையைவிடப் பார்க்காததை எழுதுவதுதான் பெரிய பிழை என்றாள். அதற்கென்றே சிவப்பு மையைத் தாராளமாகச் செலவழித்தாள்.

தலைமையாசிரியர் கவலைப்பட்டார். "டீச்சர், பிள்ளைகள பாஸ் பண்ண வைங்க, அது போதும்" என்றார்.

"பாஸ் பண்ணுவாக சார். ஆனா அது மட்டும் போதாது" என்றாள் அத்தை.

பரீட்சையில் கடிதம் எழுதும் கேள்வி ஒன்று வரும். தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு எழுத வேண்டும். எங்கள் தெருவிளக்குகள் நன்றாகவே எரிந்தன. எரியக்கூடாத ஒன்றும் எரிந்துகொண்டிருந்தது. பள்ளிச் சுவருக்குப் பின்னால் இருந்த தரிசில் ஒரு குழி. கம்பெனியில் கழித்துப்போட்ட வெடிகளையும் மருந்து படிந்த காகிதத்தையும் அதில் கொட்டி எரிப்பார்கள். படபடவென்று சத்தம் கேட்கும். பிறகு புகை வகுப்புக்குள் வரும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சு முட்டி மயங்கியே விழுந்தாள். ஆனால் கம்பெனி முதலாளிதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். நாங்கள் உட்கார்ந்த பெஞ்சுகளின் முதுகில் அவர் பெயர் எழுதியிருந்தது. அதில் சாய்ந்துகொண்டுதான் இருமினோம்.

"எதை எழுதணுமோ அதை எழுதுங்க" என்றாள் அத்தை. எல்லோரும் குழியைப் பற்றி எழுதினோம். அவற்றில் என்னுடையதைத் தேர்ந்தெடுத்தாள். படித்துக்கொண்டே வந்தவளின் பேனா ஓர் இடத்தில் நின்றது. 'இதைக் கொளுத்துகிறவருக்கு இந்தப் பள்ளியில் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறோம்' என்று எழுதியிருந்தேன்.

"கொளுத்துறவர நீ பாத்தியா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப இந்த வரி எதுக்கு?"

"நினைக்கிறோம்னுதான போட்டிருக்கேன்!"

வகுப்பே சிரித்தது. அத்தையும் சிரித்துவிட்டு வரியை விட்டுவிட்டாள். நாற்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். விருதுநகருக்கு, கலெக்டர் ஆபீஸ் முகவரி எழுதி, வகுப்பாக வரிசையில் நடந்து போய்த் தபால்பெட்டியில் போட்டோம்.

பதில் வரும் என்று அத்தையைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. பதிலுக்குப் பதில் ஜீப் வந்தது. அதிகாரி ஒருவர் குழியைப் படம் எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை வழிபாடு முடிவதற்குள் முதலாளியின் கார் உள்ளே வந்துவிட்டது.

தலைமையாசிரியர் அறைக்கு அத்தையையும் வகுப்புத் தலைவி என்று என்னையும் கூப்பிட்டார்கள். முதலாளி சத்தம் போடவில்லை. "பெஞ்சு வேணும்னாக, குடுத்தேன். தண்ணித்தொட்டி வேணும்னாக, கட்டுனேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? இதை யாரு எழுதுனது?"

"நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றாள் அத்தை.

"நான் எழுதுனேன்" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் அது என் கடிதம். அத்தை அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலாளி என்னை நிதானமாகப் பார்த்தார். "நம்ம போர்மேன் மகதான நீ?" என்றார். அப்பா அவர் கம்பெனியில் போர்மேன். ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, "பிள்ளைக அம்புட்டு பேரும் மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுக்கட்டும். இத்தோட விட்டுருவோம்" என்று எழுந்தார்.

அத்தை மறுப்பாள் என்று நினைத்தேன். "சரிங்க. மன்னிப்புக் கடிதம் எழுதவும் பிள்ளைக படிக்க வேண்டியதுதான்" என்றாள்.

மறுநாள் கடிதத்தின் நகலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். "மன்னிப்புக் கேக்கறவங்க மொதல்ல செஞ்ச தப்ப தெளிவாச் சொல்லணும். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டா அது பொய். இதுல நீங்க செஞ்ச தப்பு என்னன்னு தேடுங்க" என்றாள்.

ஒரு பாடவேளை முழுக்கத் தேடினோம். ஸ்மோக் என்ற சொல்லின் கடைசியில் வர வேண்டிய எழுத்தை நான் விட்டிருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் கையெழுத்துப் போட்ட இடத்தில் மிக்சர் எண்ணெய் பட்டதற்கு வருத்தம் தெரிவித்தான். ஒருத்தி தேதியைத் தப்பாகப் போட்டதற்கு. இன்னொருத்தி, ஏழாம் வகுப்பிலேயே இதை எழுதாமல் மூன்று வருடம் தாமதித்ததற்கு. நாற்பத்தோரு தாள். புகை பொய் என்று ஒரு தாளிலும் இல்லை. அத்தை ஒவ்வொன்றையும் திருத்தி, நல்ல தாளில் திரும்ப எழுத வைத்து, நூல் கோத்துக் கொடுத்தாள். மேலே இருந்த நாலு தாளைப் படித்த தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு கம்பெனிக்கு அனுப்பி வைத்தார்.

அந்த வருடமே அத்தைக்கு மாறுதல் வந்தது, மாவட்டத்தின் அந்தக் கோடிக்கு. போன இடத்திலும் முதல் வாரமே கைடுகளைப் பூட்டினாளாம். ஓய்வு பெறுவதற்குள் ஐந்து பள்ளிகள் பார்த்துவிட்டாள். எங்கேயும் அவள் பாடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மன்னிப்புக் கடிதங்கள் போன அன்று அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளை முதல் அதே குழியில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு எரிப்பார்களாம்; அப்பா மகளிடம் சொல்லி ஒழுங்கான மன்னிப்பாக ஒன்று எழுதி வாங்கி வர வேண்டுமாம். அப்பா முகம் கழுவாமலே உட்கார்ந்தார். விஷயம் கேள்விப்பட்டு அத்தையும் வந்துவிட்டாள்.

"அப்படி என்னதான் எழுதுன? தமிழ்ல சொல்லு" என்றார் அப்பா.

நான் நிமிர்ந்து நின்று பெருமையாகவே சொன்னேன். கொளுத்துகிறவருக்கு இங்கே பிள்ளைகள் இல்லை என்ற வரி வந்ததும் அப்பா கையை உயர்த்தினார்.

"இருக்கு பாப்பா" என்றார். "ஆள வச்சுக் கொளுத்துறது நாந்தான்."

அத்தையைப் பார்த்தேன். அவளுக்கும் அது புதிய செய்தி என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதுப்பா. மன்னிச்சிருங்க" என்றேன்.

"எழுதுனது சரிதான். மன்னிப்பெல்லாம் வேணாம்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எம் பேருல ஒண்ணு எழுதித் தா. இங்கிலீசுலயே எழுது, அப்பத்தான் ஆபீசுல ஃபைல்ல வைப்பாக. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்க அந்தக் குழியில இனிமே நான் தீ வைக்க மாட்டேன்னு எழுது. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

"தம்பி, யோசிச்சுச் செய்" என்றாள் அத்தை.

"பிள்ளைகளுக்கு நீ இப்படித்தானக்கா சொல்லிக் குடுக்க?"

நான் தரையில் உட்கார்ந்து எழுதினேன். நாலு வரிதான். அத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். எப்போதும் அவள் பையில் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை. அப்படியே அப்பாவிடம் நீட்டினாள். அப்பா தாளைத் தொடையில் வைத்து, தமிழில், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசிப் பானையைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினாள்.

அந்த நாலு வரியோடு அப்பா வேலையையும் விட்டார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நான் எழுதி, ஒரு பிழைகூட இல்லாத முதல் கடிதம் அது என்ற சந்தோஷத்தில், அதைச் சத்தமாக இன்னொரு முறை படித்துக் காட்டட்டுமா என்று மூவரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.